ஒற்றை வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தினமும் ஒரு வேத வசனம் கட்டம் கட்டி வெளியாகிறது. செய்திகளைப் புரட்டுவதற்கு முன்பே அதை வாசிக்கிறவர்கள் பலர். படமெடுத்து உறவினருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. வேதபாட வகுப்புகளைத் தொடர்ந்து நடத்திவரும் எங்களுக்கு அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வசனத்தின் அடியில் அதிகாரம், எண் போடுவதோடு நிறுத்தாமல், அது எந்த வசனம் முதல் எந்த வசனம் வரை ஓடுகிற பகுதியில் வருகிறது, யார் யாருக்குச் சொன்னது என்று இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். வசனத்தை வாழ்க்கையில் கடைப்பிடிக்க முயல்கிறவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாமல்தான். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல இடம் தாருங்கள்.

வேதாகமத்தை எழுதியவர்கள் யாரும் எண் போட்டு எழுதவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில்தான் முதலில் இடம்பெற்றன. இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க அந்த எண்கள் மிகவும் உதவுகின்றன. ஆனால் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி வாக்கு என்ற எண்ணத்தையும் அவை நம் மனத்தில் விதைத்துவிட்டன. ரோமர் 12ஆம் அதிகாரம் "அப்படியிருக்க, சகோதரரே" என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? அதற்கு முன்னால் பதினொரு அதிகாரங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு 12:1ஐ மட்டும் எடுத்தால், தேவனுடைய இரக்கத்துக்கு நாம் தரும் மறுமொழியாக இருக்கவேண்டிய வாழ்க்கை, அந்த இரக்கத்தைச் சம்பாதிக்கும் முயற்சியாக மாறிவிடுகிறது. ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்ததால் வந்த வினை இது.

அதிகமாகப் பகிரப்படும் இரண்டு வசனங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வாக்கை வேலைக்கு விண்ணப்பித்தவரும், தேர்வு எழுதப்போகிறவரும், திருமணம் கூடிவரக் காத்திருப்பவரும் தமக்கு உடனே நடக்கப்போகும் நன்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அதிகாரம் எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு அனுப்பிய ஒரு கடிதம். சொந்த ஊரை இழந்து சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் சொன்னதை முந்தின அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது பொய் என்று எரேமியா மறுத்தார். இங்கே பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகப்போவதில்லை என்பதுதான் இதன் பொருள். அதனால்தான் ஐந்தாம் வசனத்திலிருந்து வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், கொண்டுபோகப்பட்ட அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வரிசையாக வருகிறது. இப்படி வாசித்தால் செய்யவேண்டியது தெளிவாகிவிடும். பிடிக்காத ஊருக்கு மாற்றலாகிப் போனவர், கட்டிய பெட்டியைப் பிரிக்காமல் நாளை எண்ணிக்கொண்டிருக்கவேண்டாம். பக்கத்து வீட்டாரின் பெயரைத் தெரிந்துகொள்ளட்டும், அங்குள்ள சபையில் ஒரு பொறுப்பை ஏற்கட்டும், அந்த ஊருக்காக ஜெபிக்கட்டும். ஒற்றை வசனமாக எடுத்தவருக்கு, ஆறு மாதத்தில் ஒன்றும் நடக்காதபோது விசுவாசமே ஆட்டங்காண்கிறது. பகுதியாக எடுத்தவருக்கு அன்றைக்கே வேலை இருக்கிறது.

இரண்டாவது பிலிப்பியர் 4:13. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." விளையாட்டுப் போட்டிக்கும் தொழில் போட்டிக்கும் இதைச் சொல்கிறார்கள். அப்போஸ்தலன் பவுல் இதைப் பிலிப்பி ஊர்ச் சபைக்குக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். முந்தின இரண்டு வசனங்களில் மனரம்மியமாயிருக்க, அதாவது உள்ளதில் நிறைவாயிருக்க, கற்றுக்கொண்டேன் என்கிறார். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். "எல்லாவற்றையும்" என்பது அந்தப் பட்டினியையும் குறைவையும் சேர்த்துத்தான். அடுத்த வசனத்திலேயே, தம் உபத்திரவத்தில் அந்தச் சபையார் பங்குபெற்றதை நலம் என்று சொல்லி, எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் வந்த உதவிக்கு நன்றி கூறுகிறார். ஆகவே வருமானம் குறைந்த மாதத்தில் வீட்டில் எரிந்துவிழாமல் இருப்பதும், உதவ வந்தவரிடம் "வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன்" என்று வீம்பு பண்ணாமல் வாங்கிக்கொள்வதும் இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான். பிந்தியது பலருக்கு முந்தியதைவிடக் கடினம்.

தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. கிரேக்கத்தைப் போலவே தமிழும் "நீ", "நீங்கள்" என்று ஒருமையையும் பன்மையையும் பிரித்துக் காட்டும். ஒன்று கொரிந்தியர் 3:16இல் "நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்" என்று வருகிறது. இதைத் தனிமனிதரின் உடல்நலத்துக்கும் தீய பழக்கங்களுக்கும் சொல்லிக் கேட்டிருப்போம். அந்த அதிகாரத்தின் பேச்சு நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி பிரிந்து நின்ற ஒரு சபையைப் பற்றியது. ஆலயம் என்பது அங்கே அந்தச் சபை முழுவதும். அதைக் கெடுப்பது என்றால் பிளவு உண்டாக்குவது. சரீரத்தை ஆலயம் என்று சொல்லும் இடம் 6:19. உடலைப் பேணச் சொல்ல வேண்டுமானால் அங்கே போகலாம். 3:16க்குக் கீழ்ப்படிய விரும்புகிறவர், தன் அணியில் இல்லாத ஒருவரிடம் போய்ப் பேசவேண்டும். சபைத் தேர்தல் நேரத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சரி, எப்படி வாசிப்பது? நாள் ஒன்றுக்கு இருபது நிமிஷம் போதும். பத்துமுதல் பதினைந்து வசனம் வரை உள்ள ஒரு பகுதியை எடுங்கள். பேச்சு எங்கே திரும்புகிறதோ அங்கே தொடங்கி, அடுத்துத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். அதிகார எண் நடுவில் வந்தாலும் பொருட்படுத்தவேண்டாம். ஒருமுறை மனத்துக்குள், ஒருமுறை வாய்விட்டு. வாய்விட்டு வாசித்தால் "ஆனபடியால்", "ஏனெனில்", "ஆனாலும்" போன்ற சொற்கள் காதில் விழும். கண் அவற்றைத் தாண்டிவிடுகிறது. இதற்குப் பத்து நிமிஷம். அடுத்த ஐந்து நிமிஷம், இது யார் யாருக்குச் சொன்னது, இதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, இது கட்டளையா வாக்குத்தத்தமா சம்பவமா பழமொழியா பாட்டா என்று கேளுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவதற்கு. அந்த வாக்கியத்தில் ஓர் ஆள், ஒரு நேரம், ஒரு செயல் மூன்றும் இருக்கவேண்டும். புதிதாக ஒரு நிருபத்தை, அதாவது கடிதமாக எழுதப்பட்ட புத்தகத்தை, தொடங்கும் நாளில் மட்டும் அதை முழுதாக ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். பிலிப்பியர் மொத்தமே 104 வசனம், யாக்கோபு 108. ஒரு கடிதம் வந்தால் நடுவில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்துவைக்கமாட்டோம் அல்லவா?

எழுதும் வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "இனி அன்பாக நடந்துகொள்வேன்" என்பது நல்ல விருப்பம். அதைச் செய்தோமா இல்லையா என்று இரவில் சரிபார்க்க வழியில்லை. "இன்று மாலை வீட்டுக்குப் போனதும் செல்பேசியை எடுக்காமல் அம்மா சொல்வதை முழுவதும் கேட்பேன்" என்றால், செய்தோம் அல்லது செய்யவில்லை. யாக்கோபு கண்ணாடியைப் பற்றிச் சொன்னது இதைத்தான். வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு "அவ்விடம்விட்டுப் போனவுடனே" அதை மறந்துவிடுகிறவனைப் போன்றவன் என்கிறார். மறதி வருவதற்கு மறுநாள்வரை காத்திருக்கவில்லை, எழுந்த உடனேயே வந்துவிட்டது. எனவே எழுதிய செயலை 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடியதாக வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எழுதவேண்டாம். ஐந்து தீர்மானம் எழுதிய நாளில் ஒன்றும் நடப்பதில்லை.

ஒரு பகுதியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எபேசியர் 4:25 முதல் 32 வரை. இங்குள்ள பல கட்டளைகள் ஒரே அச்சில் வார்த்தவை: விடவேண்டியது ஒன்று, அதன் இடத்தில் வைக்கவேண்டியது ஒன்று, அதற்கு ஒரு காரணம். 28ஆம் வசனத்தைப் பாருங்கள். "திருடுகிறவன் இனித் திருடாமல்" என்பது விடவேண்டியது. "தன் கைகளினால் நலமான வேலைசெய்து" என்பது வைக்கவேண்டியது. "குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தனக்கு உண்டாயிருக்கும்படி" என்பது காரணம். திருடுவதை நிறுத்தியவன் பாதி வழிதான் வந்திருக்கிறான். கொடுக்கிறவனாக ஆகும்போதுதான் அந்த வசனம் முடிகிறது. நான் திருடுவதில்லை என்று இதைத் தாண்டிப்போகிறவர்கள், செய்யாத பயணத்துக்குப் படி வாங்கினோமா, அலுவலக நேரத்தில் சொந்த வேலை பார்த்தோமா, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தோமா என்று பார்க்கட்டும். எடுத்ததை என்ன செய்வது என்பதற்கும் வேதத்தில் அளவு உண்டு. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்த முன்வந்தான். மனஸ்தாபப்பட்டு ஜெபித்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் நிதானமாக வாசிக்கவேண்டும். அடுத்து 29ஆம் வசனம். கெட்ட வார்த்தையை விட்டால் மட்டும் போதாது, கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமானதைப் பேசவேண்டும். திட்டுவதை நிறுத்திவிட்டு மூன்று நாள் பேசாமலே இருப்பவர் அந்த வசனத்தை நிறைவேற்றவில்லை.

மோசேயின் நியாயப்பிரமாணத்தை, அதாவது பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை, என்ன செய்வது என்பது வகுப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி. இதற்குப் பவுலே வழிகாட்டுகிறார். போரடிக்கிற மாட்டை வாய்கட்டக்கூடாது என்ற உபாகமம் 25:4ஐ எடுத்து, உழைக்கிறவன் தன் உழைப்பின் பலனில் பங்குபெறவேண்டும் என்று ஒன்று கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் நிறுவுகிறார். கட்டளைக்குள் இருக்கும் காரணத்தை எடுத்து, தம் காலத்து நிலைமையில் வைக்கிறார். அதே முறையில் உபாகமம் 22:8ஐப் பாருங்கள். புதுவீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும், ஒருவன் விழுந்து இரத்தப்பழி வரக்கூடாது. இதன் காரணம், என் சொத்தினால் பிறருக்குத் தீங்கு நேராமல் நானே முன்கூட்டிப் பார்க்கவேண்டும் என்பது. பிரேக் தேய்ந்த வண்டியை இரவல் கொடுப்பவரும், மூடாத பள்ளத்தை வீட்டு வாசலில் விட்டுவைப்பவரும், பழுதான மின்கம்பியைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடுபவரும் இந்தக் கட்டளையை மீறுகிறார்கள். லேவியராகமம் 19:13 கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக்கூடாது என்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை முதல் தேதியில் எடுத்துவைத்துவிட்டு, வீட்டுவேலை செய்பவரின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுக்கிற வீடுகள் இருக்கின்றன. இது மனத்தை மிகவும் வருத்துகிற விஷயம்.

நீதிமொழிகள் பொதுவாக நடப்பதைச் சொல்லும் முதுமொழிகள். நிபந்தனையற்ற வாக்குறுதிகளாக அவற்றை எடுக்கக்கூடாது. பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்து என்ற 22:6ஐக் காட்டி, வழிதவறிய பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளியாக்குகிறவர்கள், மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று 26:4உம் கொடு என்று 26:5உம் அடுத்தடுத்துச் சொல்வதைக் கவனிக்கட்டும். எந்த நேரத்துக்கு எது என்று பகுத்தறியத்தான் அந்தப் புத்தகம். சம்பவங்களையும் கட்டளையாக எடுக்கக்கூடாது. இஸ்ரவேலின் தலைவனான கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதில் மட்டும் பனி பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டதை முடிவெடுக்கும் முறையாகப் பின்பற்றுகிறார்கள். தேவன் என்ன செய்யச் சொன்னார் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்திருந்தது. அவன் தயங்கியதால் கேட்டான். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இயேசுவைச் சோதித்தபோது சாத்தான்கூட 91ஆம் சங்கீதத்தின் பொருத்தமான வரியைத்தான் சொன்னான், "உன் வழிகளிலெல்லாம்" என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு. இயேசு அதற்கு உபாகமம் 6:16ஐக் கொண்டு பதில் சொன்னார். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு ஒத்துப்பார்ப்பது அங்கிருந்து கற்கவேண்டிய பழக்கம்.

குடும்பத்தில் நேரும் பெரிய தவறு, அடுத்தவருக்குரிய வசனத்தை நாம் மனப்பாடம் செய்வது. எபேசியர் 5, 6 அதிகாரங்களில் "மனைவிகளே", "புருஷர்களே", "பிள்ளைகளே", "பிதாக்களே" என்று பெயர்சொல்லி அழைத்தே கட்டளைகள் வருகின்றன. கணவன்மார் பலருக்கு 5:22 தெரியும், 25 தெரியாது. பெற்றோருக்கு 6:1 தெரியும், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்ற 6:4 தெரியாது. யாரை விளிக்கிறதோ அவரே அதைக் கைக்கொள்ளவேண்டும். அந்த 6:4இல் வரும் "சிட்சை" என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. இன்றைய தமிழில் அது தண்டனை என்று மட்டுமே ஒலிக்கிறது. மூலத்திலுள்ள பைதேயா என்ற கிரேக்கச் சொல் பயிற்றி வளர்ப்பதைக் குறிப்பது, கண்டிப்பு அதில் ஒரு பகுதி. பழைய மொழிபெயர்ப்பின் ஒரு சொல் இடித்தால், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் இதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஒப்புரவைப் பற்றி மத்தேயு இரண்டு வழிகளைத் தருகிறார், இரண்டும் என்னைத்தான் நடக்கச் சொல்கின்றன. 5:23இல், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு என்பேரில் குறை உண்டு என்று நினைவு வருகிறது. 18:15இல் சகோதரன் எனக்கு விரோதமாகக் குற்றம் செய்திருக்கிறான். தவறு என்னுடையதானாலும் அவனுடையதானாலும் முதலில் கிளம்பவேண்டியவன் நான். கலிலேயாவில் முதலாவதைக் கேட்டவர்களுக்கு எருசலேமிலிருந்த பலிபீடம் மூன்று நாள் நடைத் தொலைவில் இருந்தது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். போகும்போது "நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். என்ன பேசினோம் என்பதைப் பெயரிட்டுச் சொல்லி, அது தவறு என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு நிறுத்துங்கள். அதன்பின் "ஆனால்" வரக்கூடாது.

இதில் ஓர் எச்சரிக்கை மிக அவசியம். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன வசனத்தை, வீட்டில் அடிபடுகிற பெண்ணிடம் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது அதே 18ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், குற்றத்தை நேரில் உணர்த்துவதும், இரண்டு மூன்று சாட்சிகளை அழைத்துப்போவதும், சபைக்குத் தெரியப்படுத்துவதும் சொல்லப்பட்டிருக்கின்றன. பவுல் தம்மைக் கொல்லத் தேடியவர்களிடமிருந்து தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். சவுக்கால் அடிக்கக் கட்டியபோது தமது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். ரோமப் பேரரசராகிய இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். உயிருக்கு ஆபத்துள்ள இடத்தை விட்டு வெளியேறுவதும், சட்டத்தின் உதவியை நாடுவதும் மன்னிப்புக்கு எதிரானவை அல்ல. அடிபடுகிறவரை முதலில் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் வசனத்தைக் கையில் வைத்திருப்பவரின் கடமை.

நோயாளிகளிடமும் இதே பொறுப்பு வேண்டும். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒற்றை வசனத்தைக் காட்டி யாரிடமும் கேட்காதீர்கள். பவுல் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தார். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர்.

ஆசிரியர் அவர்களே, நாங்கள் கேட்கும் வரி இப்படி இருந்தால் போதும்: "பிலிப்பியர் 4:13. வாசிக்க: 4:10 முதல் 20 வரை. தமக்கு உதவி அனுப்பிய சபைக்குப் பவுல் காவலிலிருந்து எழுதியது." எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இப்போதுள்ள கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சங்கீதங்களை அச்சிடும் நாளில், முதல் வசனத்துக்கு மேலே உள்ள தலைப்பு வரியை விட்டுவிடாதீர்கள். எபிரேய வேதாகமத்தில் அதுவும் மூலத்தின் பகுதிதான். "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று 51ஆம் சங்கீதத்திலிருந்து போடும்போது, பிறன்மனைவியான பத்சேபாளோடு பாவம் செய்தபின் நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபோது தாவீது அரசன் பாடியது என்பதும் அதன் கீழே இருக்கட்டும். வாசிக்கிறவர் அதை யாருக்கு அனுப்பலாம் என்று தேடுமுன், தன் வீட்டுக்கு நாத்தானாக வந்துபோனவர் யார் என்று யோசிப்பார்.

இங்ஙனம்,
வேதபாட வகுப்பு நடத்தும் வாசகர்கள்